இளஞ்சேவல்கள் எங்கள் வயதான பெட்டைக்கோழியை விடாமல் துரத்தி மிதிக்கின்றன. கோழியைத் தனியாகப் பிரித்து வைக்கலாமா?

பிரித்து வையுங்கள், ஆனால் சேவல்களை.

ஆறு வயதுக் கோழி, கூடவே வேறு நான்கு பெட்டைகள், ஒரே ஈட்டில் பொரித்த ஐந்து மாதச் சேவல்கள் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டைகள் இருந்தால்தான் மிதி ஒரே கோழியின் மேல் விழாது. உங்களிடம் ஐந்து பெட்டைக்கு மூன்று சேவல்.

நான்கைந்து மாதத்தில் சேவலுக்கு உடம்பு தயாராகிவிடும், பழக்கவழக்கம் வந்திருக்காது. மீசை அரும்பும் வயதுப் பையன்கள் மாதிரிதான். விளைந்த சேவல் அணைவதற்கு முன்னால் ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுற்றிவரும், இரை கண்டால் கூப்பிட்டுக் கொடுக்கும், பெட்டை குந்திக் கொடுத்தால் ஏறும். இளசுகளுக்கு இதெல்லாம் தெரியாது. பின்னாலிருந்து பாய்ந்து பிடரி இறகைக் கவ்வும், அவ்வளவுதான். சின்னப் பெட்டைகள் ஓடித் தப்பித்துவிடும். மூட்டு இறுகிப்போன கிழக்கோழி மாட்டிக்கொள்ளும். ஒன்று ஏறியதைப் பார்த்ததும் மற்ற இரண்டும் ஓடிவந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் ஏறப் பார்க்கும். மூன்றின் சண்டையும் அந்தக் கிழவியின் முதுகில் நடக்கும்.

வேறெதையும் யோசிப்பதற்கு முன்னால் இன்றைக்கே கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகு மொட்டையாக இருப்பது கண்ணுக்குத் தெரியும், அது பெரிய விஷயமில்லை. இரண்டு இறக்கையையும் தூக்கி விலாவைப் பாருங்கள். ஐந்து மாதத்தில் கால்முள் மொட்டாகத்தான் இருக்கும், ஆனால் நகமே போதும், தோல் நீளமாகக் கிழிந்துவிடும். மேலே இறகு மூடிக்கொள்வதால் நாள்கணக்கில் யார் கண்ணிலும் படாது. கொண்டையின் பின்பக்கம், பிடரி இரண்டையும் இறகை விலக்கிப் பாருங்கள். காயம் இருந்தால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவி, நன்றாக நீர்த்த பொவிடோன் அயோடின் தடவலாம். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்புகள் பறவைக்கு ஆகாது. சதை தெரிகிற ஆழமான கிழிசல் என்றால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், அதனால் ஈ அண்டாத இடத்தில் வைப்பது மருந்தை விட முக்கியம்.

கோழியைப் பிரிக்கலாம் என்று நான் ஒத்துக்கொள்வது இந்த ஒரு நிலைமையில்தான். இரத்தத்தைக் கண்டால் கூடப் பழகிய பெட்டைகளே கொத்தும். அப்போதும் வேறு அறைக்குக் கொண்டுபோகாமல், அதே கொட்டகையில் கம்பிவலைக்குப் பின்னால், மற்றவை பார்க்கும்படி வையுங்கள்.

காரணம் இருக்கிறது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான ஷெல்டெருப்-எப்பே 1921-இல் இதை விவரித்து எழுதினார். கோழி வளர்ப்பவர்கள் அதற்கு முன்பே தினமும் தீவனத் தட்டருகே பார்த்ததுதான். உங்கள் கிழக்கோழி இத்தனை வருடத்தில் அந்த வரிசையில் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கும். சில வாரம் கண்ணில் படாமல் இருந்துவிட்டுத் திரும்பினால் அது புதுக்கோழி, முதலிலிருந்து சண்டை போட்டாக வேண்டும். இந்த வயதில் அதற்குத் தெம்பு ஏது? சேவல்களுக்கு அப்படி இழக்க எதுவும் இல்லை. ஒன்றாக வளர்ந்த சேவல்களைப் பெட்டை கண்ணில் படாத இடத்தில் சேர்த்து விட்டால், பெரும்பாலும் சில்லறைச் சண்டையோடு அடங்கிவிடும். பெட்டைகளை வலை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் ஒன்றையொன்று கிழிக்கும். ஆகவே நடுவில் தகரமோ பலகையோ வைத்து மறைத்துவிடுங்கள்.

தனி இடம் தயாராகும் வரை சமாளிக்கத்தான் மற்றதெல்லாம். காலையில் பெட்டைகளை முதலில் திறந்து விட்டு, அவை மேய்ந்து பரவிய பிறகு சேவல்களை விடுங்கள். கூட்டைத் திறந்த உடனே நடக்கும் துரத்தல்தான் மோசமானது. பிற்பகல் கடைசியிலும் அணைவது கூடும், அந்த நேரம் சேவல்களைப் பஞ்சாரத்தில் போட்டு மூடி வைத்தாலும் தப்பில்லை. சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் கோழி உள்ளே புகுந்துகொள்ளும், ஆனால் இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும். ஒரே வழி உள்ள மறைவிடம் பொறி. தீவனம், தண்ணீர் இரண்டையும் இரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள். இராத் தங்கும் கம்பு தாழ்வாக இருக்கட்டும்.

முதுகுக்குத் துணிக் கவசம் கட்டச் சொல்வார்கள். நகத்திலிருந்து தோலைக் காக்கும், உண்மைதான். சேவலின் எடையை அது தாங்காதே! கட்டினாலும் அடிக்கடி கழற்றிப் பேன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, பிடுங்கப்பட்ட இறகு சில வாரத்தில் முளைத்துவிடும். ஒடிந்த இறகின் அடிக்கட்டை அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். சேவல்களை மாற்றிய பிறகும் முதுகு மாதக்கணக்கில் மொட்டையாக இருந்தால் பதற வேண்டாம்.

சேவலைப் பிடித்துத் தலையைத் தரையில் அழுத்தி 'அடக்குவது' பற்றியும் யாராவது சொல்வார்கள். நீங்கள் நிற்கும்போது ஒழுங்காக இருக்கக் கற்றுக்கொள்ளும், நீங்கள் உள்ளே போனதும் கோழி தனியாகத்தானே இருக்கும். என்னிடம் இருந்த ஒரு பழைய பெட்டை, சேவல் நெருங்கினால் நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்து காலடியில் நின்றுகொள்ளும். கெட்டிக்காரிதான், ஆனால் நாள் முழுக்க நான் தோட்டத்தில் நிற்க முடியுமா?

வயது ஏறினால் தானாக அடங்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பல சேவல்கள் ஒரு வயதை ஒட்டி நிதானத்துக்கு வந்துவிடும். அதுவரை உங்கள் கோழி தாங்காது. ஐந்து பெட்டைக்கு ஒரு சேவலே அதிகம். கட்டாயம் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் சில மாதம் கழித்துத்தான் பெட்டைகளோடு விட வேண்டும். வால் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரை கண்டால் தான் தின்னாமல் கூப்பிடுவது எது, வானத்தில் நிழல் தெரிந்தால் குரல் கொடுப்பது எது, தப்பும் தவறுமாகவாவது இறக்கையைத் தாழ்த்திச் சுற்றிவரப் பழகுவது எது என்று பாருங்கள். மற்ற இரண்டையும் கொடுப்பதா, சமையலுக்கா என்பது உங்கள் வீட்டு முடிவு.

சேவல்கள் போன பிறகும் கொஞ்ச நாளைக்கு, இருட்டியதும் கம்பில் உட்கார்ந்திருக்கும் கோழியின் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருந்தால் பயமில்லாமல் மேய்ந்திருக்கிறது. காலியாக இருந்து, நெஞ்செலும்பும் துருத்திக்கொண்டு கைக்குத் தட்டுப்பட்டால், பகலில் கீழே இறங்கவே இல்லை என்று அர்த்தம். அது உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே தீவனமும் தண்ணீரும் வைத்துவிடுங்கள்.