கடலோரப் பழைய வீட்டின் உதிரும் சுவருக்குச் சீமெந்து பூசலாமா?

திருகோணமலையில் கடலுக்கு அண்மையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீட்டின் செங்கல்லும் கருங்கல்லும் கலந்த சுவர் உதிர்வதாகவும், சீமெந்து பூசினால் நிற்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பூச வேண்டாம் என்பதே என் கருத்து.

நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் கடற்காற்றின் உப்பும், கற்களுக்கு இடையே சாந்து நிரப்பிய சுண்ணாம்புப் பொருத்துகளின் வழியாகவே வெளியேறுகின்றன. இறுகிய சீமெந்து அவ்வழியை அடைத்துவிட்டால், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தைப் பொருக்காகப் பிளந்து தள்ளும். பூச்சு சில காலம் அழகாகத் தெரிவதுதான் பலரை ஏமாற்றுகிறது.

முதலில் கூரை ஒழுக்கையும் பீலியையும் திருத்துங்கள். பின்னர், உளுத்த சாந்தைப் பொருத்தின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டி, தூசு நீக்கி, நீர் தெளித்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு ஆற்றுமணல் சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். கடல்மணல் கூடவே கூடாது. உப்பை நாமே சுவருக்குள் ஊட்டியதாகிவிடும்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாகவே இறுகும். அதற்கு ஈரமும் வேண்டும். ஆகவே வடகீழ்ப் பருவமழையையும், சாந்தை ஒரே நாளில் வறட்டிவிடும் கச்சான் காற்றுக் காலத்தையும் தவிர்த்து, மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்கி, ஒரு வாரமாவது ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். பொருக்குவிட்ட செங்கற்களை மட்டும் மாற்றினால் போதும். கருங்கல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிராது.