பிக் பேர் மண் பாதையில் நம் வண்டி போகுமா?

கேள்வி: இர்வைனில் இருக்கிறோம். டொயோட்டா ராவ்4, ஆல் வீல் டிரைவ் வைத்திருக்கிறோம். கோடை விடுமுறையில் தெற்குக் கலிஃபோர்னியா மலைப்பகுதியில் பிக் பேர் பக்கம், சான் பெர்னார்டினோ நேஷனல் ஃபாரஸ்டில் மண் பாதைகளில் ஓட்டிப் பார்க்க ஆசை. "அரசு நிலம்தானே, எங்கே வேண்டுமானாலும் விடலாம்" என்கிறார் நண்பர். உண்மையா? பெர்மிட் வேண்டுமா? 12 வயது மகன் ஏடிவி (மண் பாதைக்கான சிறு நான்கு சக்கர வண்டி) ஓட்டலாமா?

பதில்: அரசு நிலம் என்பது சரி. எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்பது சரியில்லை. நடந்து போகிறவருக்குக் காட்டில் இருக்கும் சுதந்திரம் டயருக்குக் கிடையாது. 1972இல் அதிபர் நிக்சன் போட்ட உத்தரவில் தொடங்கிய கட்டுப்பாடு இது. 2005இல் ஃபாரஸ்ட் சர்வீஸ் கொண்டுவந்த விதிப்படி, எந்தச் சாலையில், எந்தத் தடத்தில், எந்த வகை வண்டி, எந்த மாதங்களில் போகலாம் என்பதை ஒவ்வொரு நேஷனல் ஃபாரஸ்டும் வரைபடமாக வெளியிட வேண்டும். இதற்கு மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப் என்று பெயர். இலவசம்தான். அதில் இல்லாத தடத்தில் வண்டியை விட்டால் அபராதம். "போர்டு எதுவும் இல்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போர்டுகள் உடையும், திருடு போகும். சட்டப்படி செல்லுபடியாவது வரைபடம் மட்டும்தான். மலையில் போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் வீட்டிலேயே அந்த வரைபடத்தை அவென்சா என்ற வரைபட ஆப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் நீங்கள் எந்தத் தடத்தில் நிற்கிறீர்கள் என்று அது காட்டும்.

இந்த விதியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், பிக் பேர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் கூழாங்கல் சமவெளிகள். காரிலிருந்து பார்த்தால் மரமில்லாத வெற்றுத் தரை. வண்டியைத் திருப்பவோ நிறுத்தவோ தோதான இடம் போலத் தெரியும். இறங்கிக் குனிந்து பாருங்கள். களிமண்மேல் பரவிய கற்களுக்கு நடுவே, விரல் உயரம்கூட இல்லாத செடிகள் தரையோடு தரையாகப் பூத்திருக்கும். அவற்றில் சில உலகில் இந்த மலைப்பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லை. அரசின் பாதுகாப்புப் பட்டியலிலும் உள்ளன. ஈரக் களிமண்ணில் ஒரு டயர் ஏறி இறங்கினால் அந்தத் தடம் பல வருடம் அழியாது. அடுத்து வருகிறவர் அதையே பாதை என்று நினைத்துப் போவார். தயவுசெய்து ஒரு அடிகூட விலகாதீர்கள். எதிரே வண்டி வந்தால், தடத்திலேயே அகலமான இடம்வரை பின்னால் எடுத்து வழி விடுங்கள்.

உங்கள் வண்டிக்கு ஏற்றது ஹோல்கம் பள்ளத்தாக்கு. 1860இல் வில்லியம் ஹோல்கம் அங்கே தங்கம் கண்டுபிடித்தார். கொஞ்ச நாளில் பெல்வில் என்று ஒரு ஊரே முளைத்தது. இன்று ஒரு மரக் குடிசையும் சில சுரங்க எச்சங்களும் மிச்சம். பிக் பேர் ஏரியின் வடகரையில், பார்வையாளர் தகவல் மையமான டிஸ்கவரி சென்டர் பக்கத்திலிருந்து பொலீக் கேன்யன் சாலையில் (காட்டுச் சாலை எண் 2என்09) ஏறி, 3என்16இல் கிழக்கே போய், வான் டூசன் கேன்யன் (3என்09) வழியாக பிக் பேர் சிட்டிக்கு இறங்கலாம். கிளம்பும்முன் டிஸ்கவரி சென்டரில் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். தரை காய்ந்திருந்தால் ராவ்4 நிதானமாகப் போய்விடும். ஆனால் ஜான் புல் (3என்10), கோல்ட் மவுன்டன் (3என்69) பக்கம் திரும்பாதீர்கள். அங்கே தடம் முழுக்கப் பாறைதான். ராவ்4இன் அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 8 அங்குலம்தான். பாறையில் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியரும் இல்லை. அதெல்லாம் உயர்த்திக் கட்டிய ஜீப்புகளுக்கான இடம்.

ஓட்டும்போது பெரிய கல் வந்தால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டத்தான் மனசு போகும். அது தப்பு. டயரைக் கல்மேல் மெதுவாக ஏற்றுங்கள். அப்போது அடிப்பாகமும் சேர்ந்து உயரும். மண் பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 25 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் பிடிப்பும் கூடும், குலுக்கலும் குறையும். பிறகு காற்றை மறுபடி ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரெஸர் அவசியம் கையில் இருக்க வேண்டும். ஸ்டெப்னியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் மெல்லிய தற்காலிக டயர்தான் வரும், மண் பாதையில் அதை நம்ப முடியாது. இன்னொரு வண்டியோடு சேர்ந்து போவது நல்லது.

பெர்மிட் விஷயம் எளிது. சாலையில் ஓட்டப் பதிவான வண்டிக்கு, மண் பாதை வண்டிகளுக்குக் கலிஃபோர்னியா தரும் பச்சை ஸ்டிக்கர் தேவையில்லை. அது சாலைப் பதிவு இல்லாத ஏடிவி, டர்ட் பைக் போன்றவற்றுக்கு. சில இடங்களில் நிறுத்த மட்டும் அட்வென்ச்சர் பாஸ் என்ற காட்டு நுழைவுச் சீட்டு வேண்டும். நேஷனல் பார்க்குகளுக்கான அமெரிக்கா தி பியூட்டிஃபுல் பாஸ் இருந்தால் அதுவே போதும். வழியில் கேஸ் அடுப்பு வைத்து டீ போடுவதாக இருந்தால் கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் எடுங்கள். ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கும். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்; வண்டிக்கு அடியில் புகைக்குழாயோடு இருக்கும் சூடான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பட்டாலே புல் பற்றிக்கொள்ளும். புறப்படும் நாள் காலையிலும் காடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் லைன் ஃபயர் என்ற காட்டுத்தீ பரவியபோது பல பகுதிகளை மூடிவிட்டார்கள்.

அப்புறம் மகன். கலிஃபோர்னியாவில் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பொது நிலத்தில் ஏடிவி ஓட்ட, பெற்றோரோ அவர்கள் அனுமதித்த பெரியவரோ கூடவே இருந்து கவனிக்க வேண்டும். அதோடு பிள்ளையிடமோ கவனிக்கும் பெரியவரிடமோ ஏடிவி பாதுகாப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். ஒருவருக்கான ஏடிவியில் பின்னால் இன்னொருவரை ஏற்றக் கூடாது. வாடகைக் கடைகளின் வயது வரம்பு இதைவிடக் கடுமையாக இருக்கலாம். முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். இன்னொன்று: வரைபடத்தில் "சாலையில் பதிவான வண்டிகளுக்கு மட்டும்" என்று குறித்த பாதையில் பச்சை ஸ்டிக்கர் ஏடிவி போகக் கூடாது. நீங்கள் ராவ்4இல் போகும் பாதையில் அவன் ஏடிவியில் கூடவே வரலாம் என்று திட்டமிட்டால், முதலில் இதைச் சரிபாருங்கள். என் யோசனை, இந்த முறை அவன் கையில் வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொல்லுங்கள். சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டு அடுத்த முறை ஏடிவி ஓட்டட்டும்.

திரும்பும்போது தார் ரோடு வந்ததும் டயரில் பழைய அளவுக்குக் காற்றை ஏற்றிவிடுங்கள். குறைந்த காற்றோடு ஹைவேயில் வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கலாம்.