வீட்டு ரவுட்டர் வழியாக எஸ்எஸ்ஹெச்: கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஆபீஸிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷினில் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைய ரவுட்டரில் 22-ஆம் போர்ட்டை ஃபார்வர்ட் செய்தேன், அதாவது வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு வருவதை அந்த மெஷினுக்குத் திருப்பிவிட்டேன். கனெக்ட் ஆகவே மாட்டேன் என்கிறது.

பதில்: முதல் வேலையாக அந்த ஃபார்வர்டிங்கை எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டில் லாகின் ஆகிற மெஷினை வெளியே திறக்கவே கூடாது. திறந்த கொஞ்ச நேரத்திலேயே லாகில் (பதிவுக் கோப்பில்) 'ரூட்', 'அட்மின்', 'பை' என்று பெயர் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பார்கள். லேப்டாப்பில் இடி25519 வகைக் கீ ஜோடி (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் ரகசியக் கீயும் பப்ளிக் கீயும்) உருவாக்கி, பப்ளிக் கீயை மட்டும் ராஸ்பெர்ரி பையில் ஏற்றுங்கள். கீ வேலை செய்கிறது என்று உறுதியானதும் எஸ்எஸ்ஹெச் செட்டிங்கில் பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷனை 'நோ' ஆக்கி எஸ்எஸ்ஹெச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். இன்னொன்றில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன? 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது, இன்டர்நெட் கம்பெனி தரும் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. வெளியிலிருந்து வரும் கனெக்ஷன் இன்டர்நெட் கம்பெனியிடமே நின்றுவிடும், உங்கள் ரவுட்டர் வரைக்கும் வராது. காசு கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம். நான் சொல்வது டெயில்ஸ்கேல், அதாவது உங்கள் மெஷின்களை ஒரே தனி நெட்வொர்க்கில் இணைக்கிற விபிஎன் சேவை. போர்ட்டே திறக்க வேண்டாம்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் பையின் ஐபி மாறிவிடுகிறது.

பதில்: ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போடுங்கள், அந்த மெஷினுக்கு எப்போதும் ஒரே ஐபி கிடைக்கும்.

கேள்வி: போர்ட்டை 2222 ஆக்கினால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை.

கேள்வி: அண்ணா, ஒரேயடியாக இல்லை என்றால் எப்படி? நான் மாற்றியதும் லாகே அமைதியாகிவிட்டது.

பதில்: தம்பி, லாகில் கூட்டம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் 65,535 போர்ட்டையும் தேடிப் பார்க்கிற ஸ்கேனருக்கு 2222 மறைவிடமே இல்லை. மாற்றுவதென்றால் ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் மட்டும் மாற்றுங்கள், மெஷினில் 22 அப்படியே இருக்கட்டும். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை லினக்ஸில் வழக்கமாக ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்) மட்டுமே பிடிக்க முடியும். 2222-ஐ யாரும் பிடிக்கலாம். எஸ்எஸ்ஹெச் சர்வீஸ் விழுந்த நேரத்தில் வேறொரு யூசர் அங்கே போலி சர்வீஸை உட்கார வைக்க வழி இருக்கிறது.

கேள்வி: அப்போ ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளக் கீ) மாறியதாக எச்சரிக்கை வருமே?

பதில்: வரும். அதைப் படிக்காமல் பழைய கீயை அழித்துவிட்டு உள்ளே போகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: எனக்கு வான் ஐபி 100.72 என்று ஆரம்பிக்கிறது. என்ன செய்ய?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பேசாமல் மெஷினை ரவுட்டரின் டிஎம்இசட் செட்டிங்கில் போட்டுவிட்டால்?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த மெஷினின் எல்லா போர்ட்டும் வெளியே தெரியும்.

கேள்வி: வீட்டு வைஃபையிலிருந்து பொது ஐபிக்குப் போனால் கனெக்ட் ஆகவில்லை.

பதில்: ரவுட்டரில் ஹேர்பின் நாட் (உள்ளிருந்து பொது ஐபிக்குப் போவதை மறுபடி உள்ளே திருப்பும் வசதி) இல்லாமல் இருக்கலாம். மொபைல் டேட்டாவில் சோதித்துப் பாருங்கள். பாஸ்வேர்ட் லாகினை மூடிவிட்டுத்தானே போர்ட்டைத் திறந்தீர்கள்?