ஊசிக்கு முதல் ஸ்கான் திகதியைப் பாருங்கள்

வாசகர் கேள்விகள் – மருத்துவம்

ஈரல் புற்றுநோய் பற்றி இம்முறை வந்த கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

அப்பாவுக்கு வயது 61. நீரிழிவு உண்டு, குடிப்பழக்கம் இல்லை. ஈரலில் இருந்த 4 சென்ரிமீற்றர் கட்டியை மூன்று மாதத்துக்கு முன் வெட்டி எடுத்தார்கள். அவருடைய குருதியிலிருந்தே நிர்ப்பீடனக் கலங்களை வளர்த்து ஆறு தரம் ஏற்றினால் நோய் திரும்பி வராது என்று சென்னையில் ஒரு தனியார் நிலையம் சொல்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்ப ஆயத்தம். போகலாமா?
– வாசகி, கோண்டாவில்

"திரும்பி வராது" என்ற சொல்லிலேயே சந்தேகப்படுங்கள். இந்தச் சிகிச்சையை ஒழுங்காகச் செய்து பார்த்த எந்த ஆய்விலும் அப்படி முடிவு வரவில்லை.

அதற்காக முழுப்பொய் என்றும் தள்ளிவிட முடியாது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர்கள் 150 நோயாளரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. கலம் ஏற்றாதவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு நோய் மீண்டது, ஏற்றியவர்களில் 59 பேருக்கு. ஆனால் உயிர்வாழ்ந்த காலத்தில் இரு பகுதியாருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2015இல் கொரியாவில் இருந்து 230 பேரின் ஆய்வு வந்தது. அவர்களுக்கு ஏற்றியது சீ.ஐ.கே. எனப்படும், புற்றுக்கலத்தைக் கொல்லத் தூண்டி வளர்த்த நிர்ப்பீடனக் கலங்கள், 60 வாரத்தில் 16 தரம். நோய் மீளாமல் இருந்த இடைநிலைக் காலம் 30 மாதத்திலிருந்து 44 மாதமாக நீண்டது. அந்த ஆய்வில் இறப்பும் குறைந்தது.

இதை வைத்து "37 வீதம் பலன்" என்று விளம்பரம் செய்வார்கள். நூறு பேரில் 37 பேர் குணமாவார்கள் என்று அதை வாசிக்கக் கூடாது. நோய் மீளும் வேகம் அந்த அளவு தணிந்தது என்பதுதான் கணக்கு. ஏற்றிக்கொண்டவர்களிலும் பாதிப்பேருக்கு 44 மாதத்துக்குள் ஒன்றில் நோய் மீண்டது, அல்லது உயிர் போனது. யாருக்கு மருந்து போகிறது என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

அப்பா அந்த ஆய்வில் சேரத் தகுந்தவரா என்று பாருங்கள். அங்கே எடுத்தவர்கள் ஆரம்ப நிலைக் கட்டி உள்ளவர்கள். வெட்டியோ சுட்டோ முழுதாக அழித்தபின் ஸ்கானில் மிச்சம் எதுவும் இல்லாதவர்கள். ஈரலின் வேலைத்திறன் 'சைல்ட் ஏ' என்ற நல்ல தரத்தில் நின்றவர்கள். பதொலொஜி ரிப்போர்ட்டை எடுத்து, வெட்டிய விளிம்பில் புற்றுக்கலம் இருந்ததா, சிறு குருதிக்குழாய்களுக்குள் புகுந்திருந்ததா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி இருப்பவருக்கு இந்த ஆய்வுகள் எதையும் சொல்லவில்லை.

ஈரல் புற்று இரண்டு வழியால் மீள்கிறது. முதல் இரண்டு வருடத்துக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டி சத்திரசிகிச்சைக்கு முன்பே உதறிவிட்ட விதை. அதற்குப் பிந்தி வருவது அநேகமாகப் புதுக்கட்டி, கெட்டுப்போன அதே ஈரலில் புதிதாக முளைப்பது. கலம் ஏற்றுவது முதலாவதைத்தான் குறிவைக்கிறது. இரண்டாவதைத் தடுக்க வேண்டுமானால் ஈரலைக் கெடுத்த காரணத்தைப் பிடிக்க வேண்டும். ஹெபரைற்றிஸ் பி இருந்தால் ரெனோபோவிர் அல்லது என்ரெகாவிர் குளிசையை ஒருநாளும் விடாமல் எடுப்பது, சாராயம் கள்ளு இரண்டையும் அடியோடு நிறுத்துவது, உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு நீரிழிவையும் உடல்நிறையையும் கட்டுக்குள் கொண்டுவருவது. இதற்குக் கனடாக் காசு தேவையில்லை என்பதாலோ என்னவோ, இதைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை.

எங்கள் கருத்து: முதலில் ஈரல் வைத்தியரிடமும் புற்றுநோய் வைத்தியரிடமும் முழு ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். அவர்கள் பொருத்தம் என்றால், பதிவுசெய்யப்பட்ட ஆய்வு ஒன்றில் சேர்வதுதான் நல்லது. அங்கே சேர்வோரிடம் பொதுவாக மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். வீட்டை ஈடு வைத்துப் போகிற அளவுக்கு இதில் நிச்சயம் இல்லை.

கலத்தை எப்படி வளர்க்கிறார்கள்? எங்கே பிழைக்கும்?
– ஆசிரியர், மானிப்பாய்

கையில் ஊசி போட்டு 100 மில்லிலீற்றர் அளவில் குருதி எடுப்பார்கள். ஒரு மில்லிலீற்றரில் சாதாரணமாக 10 முதல் 30 இலட்சம் நிணநீர்க்கலங்கள் உண்டு. ஆகவே கிடைப்பது 10 முதல் 30 கோடி. கொரிய ஆய்வில் ஒரு தரத்துக்கு ஏற்றியது ஏறத்தாழ 640 கோடி. இடையில் உள்ள பெருக்கம் முழுவதும் ஆய்வுகூடத்தில் நடக்க வேண்டும். சீ.டி. 3 என்ற புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியும், கலத்தைப் பெருக்கும் இன்ரலூக்கின்-2 உம் சேர்த்த வளர்ப்பூடகத்தில், 37 பாகை வெப்பத்தில், இரண்டு மூன்று வாரம் வளர்ப்பார்கள். கடைசியில் ஊடகத்தைக் கழுவி அகற்றி, பையில் அடைத்து, சேலைன் போல நாளத்தில் ஏற்றுவார்கள்.

பிழை முதலில் குருதியிலேயே தொடங்கலாம். சிரோசிஸ் (ஈரல் தழும்பேறும் நோய்) உள்ளவருக்கு மண்ணீரல் வீங்கி வெண்குருதிக் கலங்களைத் தடுத்து வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை குறைந்த குருதியில் தொடங்கினால் வளர்ப்பு நொண்டும், சிலவேளை எழும்பாமலே போகும். ஸ்ரீரொயிட் எடுப்பவருக்கும் அப்படியே. அந்த மருந்து இந்தக் கலங்களைத்தான் அடக்குகிறது.

அடுத்தது கிருமி. இரண்டு வாரம் சூடாக, சத்தான ஊடகத்தில் வைத்திருப்பது கலத்துக்கு மட்டும் விருந்து அல்ல, பக்ரீரியாவுக்கும்தான். அதனால் பையை வெளியே விடுமுன் கிருமிப் பரிசோதனை, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி, என்டொரொக்சின் என்ற பக்ரீரியா நஞ்சு, உயிருள்ள கலங்களின் வீதம் ஆகிய நான்கும் பார்க்கப்பட வேண்டும்.

மூன்றாவது பயணம். வளர்த்த கலம் தேங்காய்ப்பால் மாதிரி, நேரம் போகப் போகக் கெடும். உறைய வைக்காத பை என்றால் ஆய்வுகூடம் எழுதிக் கொடுத்த மணிக்கணக்குக்குள், சொன்ன வெப்பத்தில் வந்து ஏறவேண்டும். பையில் உள்ள பெயரையும் இலக்கத்தையும் இரண்டு பேர் ஒப்பிட்டு வாசிக்க வேண்டும். மற்றவருடைய கலம் ஏறினால் விபரீதம். வெண்குருதிக் கலங்களை வடிக்கும் வடியைக் குருதி ஏற்றும் பழக்கத்தில் போட்டுவிட்டால் மருந்து முழுக்க வடியிலேயே தங்கிவிடும். அதே குழாயால் வேறு மருந்து விடவும் கூடாது.

ஏற்றிய அன்று பின்னேரம் குளிரும் காய்ச்சலும் வரலாம், உடம்பு உளையலாம். பெரும்பாலும் ஒருநாளில் அடங்கும். பனடோலின் அளவை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பழுதான ஈரலுக்கு வழமையான அளவு பொருந்தாது. காய்ச்சல் அடுத்த நாளும் நின்றால் "ஊசிக் காய்ச்சல்" என்று வீட்டில் இருக்க வேண்டாம். கலம் இருந்த பையில் கிருமி இருந்திருக்கலாம். வெட்டிய இடத்தில் பித்தம் கசிந்து சீழ் பிடித்தும் இருக்கலாம். குருதி வளர்ப்புப் பரிசோதனையும் வயிற்று ஸ்கானும் செய்ய வேண்டிய காய்ச்சல் அது.

நிலையம் தரும் கடதாசியில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், பருத்தித்துறை

கலத்தின் பெயர், ஒரு தரத்துக்கான எண்ணிக்கை, எத்தனை தரம், எவ்வளவு இடைவெளி. இவை எழுத்தில் இல்லாமல் "இம்யூன் பூஸ்ரர்" என்று மட்டும் இருந்தால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம். மேலே சொன்ன நான்கு பரிசோதனைகளின் முடிவும் ஒவ்வொரு பைக்கும் தனித்தனியே தரப்படுமா, வளர்ப்புப் பிழைத்தால் காசு திருப்பித் தருவார்களா, ஆய்வு என்று சொன்னால் பதிவிலக்கம் என்ன என்று கேளுங்கள். இந்திய ஆய்வுகளின் பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியது. 16 தரம் கொடுத்த ஆய்வைக் காட்டி 6 தரம் விற்பது, அந்த ஆய்வின் பலனையும் சேர்த்து விற்பதாகாது.

ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர் என்றால் இந்தக் கதையே வேண்டாம். தட்டியெழுப்பிய நிர்ப்பீடனம் புது ஈரலை அந்நியனாகக் கண்டு தாக்கக்கூடும்.

புற்றுநோய் கிளினிக்கில் சொல்லும் 'இம்யூனோதெரப்பி'யும் இதுவும் ஒன்றா?
– வாசகி, சாவகச்சேரி

இல்லை. அங்கே சொல்வது அற்றிசொலிசுமாப் போன்ற மருந்துகளை. அவை கலங்கள் அல்ல, நிர்ப்பீடனத்தின் பிரேக்கைக் கழற்றும் பிறபொருளெதிரிகள். வெட்டி எடுக்க முடியாத ஈரல் புற்றுக்கு அவை இன்று முதல்வரிசை மருந்து. சத்திரசிகிச்சைக்குப் பின் தடுப்பாகக் கொடுக்கலாமா என்று 668 பேரில் பார்த்தார்கள். அற்றிசொலிசுமாப்புடன் பெவசிசுமாப்பும் சேர்த்துக் கொடுத்ததில் 2023இல் வந்த முதல் முடிவு நம்பிக்கை தந்தது. 2024இல் கூடிய காலம் தொடர்ந்து பார்த்தபோது அந்தப் பலன் கரைந்துவிட்டது. அதற்கு முன் சொரபெனிப் குளிசையும் 1,100க்கு மேற்பட்டவர்களில் இதே வேலைக்குப் பார்க்கப்பட்டுத் தோற்றது. 230 பேரின் நல்ல முடிவைப் பார்த்து நாங்கள் துள்ளிக் குதிக்காததற்குக் காரணம் இதுதான்.

தம்பி நல்ல சுகதேகி. அவனுடைய குருதியில் இருந்து கலம் வளர்த்து எனக்கு ஏற்றலாமா?
– வாசகர், உரும்பிராய்

கூடாது. தம்பியின் ரீ-கலம் என்ற நிர்ப்பீடனக் கலம் உங்கள் தோல், குடல், ஈரலை அந்நியம் என்று தாக்கக்கூடும். இங்கே பேசிய கலம் ஏற்றும் ஆய்வுகள் எல்லாம் நோயாளியின் சொந்தக் கலத்தைக் கொண்டே நடந்தவை.

கீழ்க்காய்நெல்லிச் சாறு குடித்தால் போதும் என்கிறார்களே?
– வாசகி, சுன்னாகம்

புற்று மீளாமல் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. எந்தச் சாறு, எந்தச் சூரணம் குடித்தாலும் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். ஈரல் நொதியம் ஏறினால் காரணம் தேடி வைத்தியர் அலையவேண்டி வரும். பூஞ்சணம் பிடித்த கச்சானை மட்டும் கட்டாயம் எறியுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரல் புற்றைத் தூண்டுவது ஐயமற நிறுவப்பட்டது.

அம்மாவுக்குக் கட்டி எடுத்து எட்டு மாதம். படகேறி யாழ்ப்பாணம் வருவது பெரும்பாடு. வருடத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுத்தால் போதாதா? இடையில் ஏ.எவ்.பி. குருதிப் பரிசோதனை மட்டும் செய்யலாமா?
– வாசகர், நெடுந்தீவு

போதாது. வெட்டியபின் ஐந்து வருடத்துக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேருக்கு நோய் மீள்கிறது. அதை 2 சென்ரிமீற்றரில் கண்டால் சுட்டழிக்கலாம், திரும்ப வெட்டலாம். ஒரு வருடம் கழித்துப் பெரிய கட்டியாகக் கண்டால் அந்த வழிகள் அடைபட்டிருக்கலாம். முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதே வழமை. ஏ.எவ்.பி. என்பது ஈரல் கட்டிகள் சில குருதியில் விடும் புரதம், அது உயராமலே வளரும் கட்டிகள் பல உண்டு. ஆகவே அது ஸ்கானுக்குத் துணைதான், பதிலி ஆகாது.

எடுக்க வேண்டியது சாயம் ஏற்றிப் பல கட்டமாக எடுக்கும் சீ.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. சாயம் நாடி வழியே வரும் முதற் கட்டத்தில் கட்டி பளிச்சென்று ஏறி, பிந்திய கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலை விட மங்கும். அதை வைத்தே ஈரல் புற்று என்று பிடிக்கிறார்கள். சாயமில்லாத ஸ்கான் எடுத்தால் படகுக்காசு வீண். சாயத்துக்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினைக் குருதியில் பார்க்க வேண்டும். அதைச் சில நாள் முந்தியே நெடுந்தீவு வைத்தியசாலையில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அம்மா நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

அடுத்த ஸ்கான் திகதியைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுவித்து, பழைய ஸ்கான் சீடியையும் கையோடு கொண்டு வாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லாவிட்டால் 8 மில்லிமீற்றர்ப் புள்ளி ஒன்று புதிதா பழையதா என்று சொல்ல முடியாமல், இன்னொரு தரம் படகேற வேண்டி வரும். காற்றுக்காலத்தில் குறிகாட்டுவான் படகு நிற்கும் நாட்களைக் கணக்கில் எடுத்து, திகதியை ஒரு வாரம் முந்திக் கேளுங்கள், பிந்திக் கேட்க வேண்டாம்.