சாட்சிக் கையெழுத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு வணக்கம். நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ரிஜிஸ்டர் செய்த உயில் ஒன்று எழுதி வைத்திருக்கிறார். அம்மாவின் காலம்வரை வீட்டில் அம்மா, அதன்பிறகு வீடு தங்கைக்கு. இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் அண்ணனுக்கு. பாறசாலையில் உள்ள 40 சென்ட் எனக்கு. பாங்க் டெபாசிட் மூன்று பேருக்கும் சமமாக. சபைக்கு ஒரு லட்சம். இதையெல்லாம் நிறைவேற்றும் பொறுப்பை என் பெயரில் எழுதியிருக்கிறார். அண்ணன் துபாயில் இருக்கிறார். டெபாசிட்டுக்கு அவர்தான் நாமினி, அதனால் அந்தப் பணம் முழுக்கத் தனக்குத்தான் என்கிறார். அப்பாவின் கடைசி மாத ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் கட்டினார், அதையும் திருப்பிக் கேட்கிறார். அப்பா பெயரில் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் இருக்கிறது. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு அப்பா காலத்துக் கூலி இரண்டு மாதம் பாக்கி. ரப்பர் ஷீட் விற்ற பணத்தில்தான் அம்மாவுக்கு மருந்து வாங்குகிறேன். உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் புரோபேட் எடுக்காமல் உயில் செல்லாது என்கிறார் ஒருவர். நம் மாவட்டத்துக்கு அது வேண்டாம் என்கிறார் இன்னொருவர். உயிலில் சாட்சி போட்டவர்கள் அப்பாவோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரும் தங்கை மாப்பிள்ளையும். அப்பா சொன்னபடி யாருக்கும் மனக்குறை இல்லாமல் நான் எப்படி முடிப்பது?

பதில்: அன்புத் தங்கைக்கு, கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்தச் சாட்சி வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அதே உயிலில் ஏதாவது கொடுத்திருந்தால், அந்தக் கொடை செல்லாது. உயில் செல்லும், சாட்சியும் செல்லும். அந்த ஒருவருக்கு எழுதியது மட்டும் விழுந்துவிடும். உங்கள் வீட்டில் அது தங்கைக்கு எழுதிய வீடும், டெபாசிட்டில் அவருக்கு எழுதிய மூன்றில் ஒரு பங்கும். இந்துக்களின் உயிலுக்கு இந்தப் பிரிவு கிடையாது. அதனால் அக்கம்பக்கத்தில் மருமகன் சாட்சி போட்டு எத்தனையோ உயில் சிக்கலில்லாமல் முடிந்திருக்கும். அதைப் பார்த்து நம் ஆட்களும் 'வீட்டு ஆளே சாட்சி இருந்தால் நல்லதுதானே' என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். அப்பாவும் நம்பிக்கையான ஆள் என்றுதான் அவரைக் கூப்பிட்டிருப்பார்.

உயில் எழுதிய தேதியையும் தங்கையின் கல்யாணத் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாட்சி போட்ட நாளில் அவர் உங்கள் வீட்டு மாப்பிள்ளைதானா என்பது முக்கியம். அடுத்து, உயிலின் கடைசிப் பக்கத்தில் 'இதில் சொல்லாத மற்ற சொத்துகள் இன்னாருக்கு' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், தங்கைக்கு எழுதியது விழும்போது அந்த வரியில் சொன்னவருக்குப் போய்ச் சேரும். அப்படி ஒரு வரி இல்லையென்றால், அந்தப் பங்குக்கு அப்பா உயிலே எழுதவில்லை என்றுதான் கணக்கு. அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் மூவருக்கும் சமம், அதாவது ஆளுக்கு ஒன்பதில் இரண்டு.

இந்த இடத்தில் உங்கள் அண்ணனோ ஊர்ப் பெரியவர் யாராவதோ 'பெண் பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுத்தாயிற்றே, பங்கு ஏது' என்று கேட்கக்கூடும். நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு இன்னும் சாகவில்லை. அதன் வேர் 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது அது. அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே இல்லை என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கும் முந்தைய தேதி அது. கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் காட்டி மகளின் பங்கை யாரும் கழிக்க முடியாது.

ஆனால் அப்பாவின் ஆசை வீடு தங்கைக்கு என்பது. அதற்கு வழி இருக்கிறது. அம்மா, அண்ணன், நீங்கள் மூவரும் மனமொத்தால், உங்களுக்கு வரும் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்து தங்கைக்குக் கொடுத்துவிடலாம். அம்மாவின் காலம்வரை அந்த வீட்டில் அவர்தான் என்பதை அந்தப் பத்திரத்திலும் மறக்காமல் எழுதுங்கள். சட்டம் தட்டிவிட்டதை நீங்கள் மூன்று பேரும் எடுத்து வைக்கிறீர்கள், அவ்வளவுதான். மூவரும் ஒப்பவில்லை என்றால் தங்கைக்கு நான் சொன்ன பங்கு மட்டும்தான் கிடைக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இனி புரோபேட். உங்களிடம் பேசிய இருவரில், வேண்டாம் என்றவர் சொன்னதுதான் சட்டப்படி சரி. இந்துக்களின் உயிலுக்கு இருந்த அந்தக் கட்டாயம் சென்னை, மும்பை, கல்கத்தா சார்ந்தது. நம் ஊர் நிலத்துக்கு அது வந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் வந்த திருத்தமே விலக்குக் கொடுத்துவிட்டது. கட்டாயம் சொன்ன 213-ஆம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே புரோபேட் இல்லாமலே உங்கள் அப்பாவின் உயில் செல்லும்.

அப்படியிருந்தும் நீங்கள் புரோபேட் எடுங்கள் என்றுதான் சொல்வேன். அண்ணன் டெபாசிட்டைக் கேட்கிறார், தங்கைக்கு எழுதியது ஆட்டத்தில் இருக்கிறது. நாளைக்குப் பட்டா மாற்றப் போகும்போது யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், தாசில்தார் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். உயில் உண்மையானது, நிறைவேற்றும் அதிகாரம் உங்களுக்குத்தான் என்று கோர்ட் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு அந்தப் பேச்சை எந்த அலுவலகத்திலும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

எங்கே மனுப் போடுவது என்பதில் உங்கள் பாறசாலை நிலம் ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறது. களியக்காவிளை தாண்டினால் அது வேறு மாநிலம். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றம் தரும் புரோபேட் தமிழ்நாடு முழுக்கச் செல்லும். வெளிமாநிலச் சொத்தின் மதிப்பு 10,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் அங்கேயும் செல்லும். இன்றைக்குப் பாறசாலையில் அந்தப் பணத்துக்கு அரை சென்ட் கிடைக்குமா? உயர் நீதிமன்றம் தரும் புரோபேட்டுக்கு நாடு முழுவதும் செல்லுபடி உண்டு. மனுவை எழுதும் முன்பே இதை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். பலர் எல்லாம் முடிந்து, கேரளத்து வில்லேஜ் ஆபீசில் போக்குவரவுக்கு, அதாவது நிலத்தின் பெயர் மாற்றத்துக்கு, நிற்கும்போதுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

மனுவோடு மூல உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து விவரமும் மதிப்பும், வாரிசுகளின் பெயர் முகவரி வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது, 'அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன்' என்று உறுதி சொல்ல வேண்டும். ரிஜிஸ்டர் செய்த உயில்தானே என்று இதை விட்டுவிட முடியாது. ஓய்வுபெற்ற அந்த ஆசிரியரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். வயதானவராக இருப்பார், அவர் நலமாக இருக்கும்போதே வாக்குமூலம் தயாராகட்டும். கோர்ட்டிலிருந்து எல்லா வாரிசுக்கும் நோட்டீஸ் போகும். அண்ணனுக்கு ஆட்சேபம் இல்லையென்றால், துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சம்மத உறுதிமொழிப் பத்திரம் கையெழுத்திட்டு அனுப்பலாம். ஆட்சேபித்தால் மனு வழக்காக மாறிவிடும், பிறகு ஆண்டுக்கணக்கு.

அண்ணன் கேட்பதில் ஒன்று தவறு, ஒன்று சரி. நாமினி என்பவர் பணத்தைக் கைநீட்டி வாங்க உரிமை உள்ளவர். பணத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் சொல்லும். பாங்க் டெபாசிட் பற்றி உச்ச நீதிமன்றம் 2010-இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதேசமயம், நாமினி கேட்டால் பாங்க் அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஆகவே உயில் நகலோடு மேனேஜருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றதற்குச் சீல் வாங்கி வையுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவில் அண்ணன் பக்கம்தான் நியாயம். இறந்தவரின் சொத்திலிருந்து முதலில் போக வேண்டியது அடக்கச் செலவும் மரணப் படுக்கைச் செலவும், கடைசி ஒரு மாத மருத்துவம் உட்பட. அதற்கடுத்தது புரோபேட் செலவு. அதற்கும் அடுத்து, மற்றெல்லாக் கடன்களுக்கும் முன்னால், ஒரு கடன் நிற்கிறது. இறப்புக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வேலை செய்த கூலிக்காரருக்கோ வீட்டுப் பணியாளருக்கோ கொடுக்க வேண்டிய சம்பளம். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் இறங்க வைத்த மனிதரின் இரண்டு மாதக் கூலி, கூட்டுறவு வங்கிக்கும் முன்னால் வருகிறது. நூறு ஆண்டுக்கு முன் எழுதிய இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இது. அவரை இனியும் காக்க வைக்காதீர்கள். நகைக்கடன் அதன்பிறகு. அடகில் இருப்பது அம்மாவின் நகையென்றால் ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடன் அப்பாவுடையது. இத்தனையும் போக மீதியில்தான் பங்கு.

ரப்பர் ஷீட் பணத்தில் கொஞ்சம் கவனம் தேவை. குறிப்பிட்ட ஒரு சொத்தை ஒருவருக்கு எழுதினால், இறந்த நாளிலிருந்து அதன் வருமானமும் அவருக்குத்தான். தோட்டம் அண்ணனுக்கு என்பதால், செலவு போக இந்த ஐந்து மாத ஷீட் விலையும் அவர் கணக்கு. அம்மாவுக்கு மருந்து வாங்கியதில் பாவம் ஒன்றுமில்லை, ஆனால் அவரிடம் சொல்லாமல் தொடராதீர்கள். எத்தனை கிலோ ஷீட், என்ன விலை, வெட்டுக்கூலி எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அம்மாவுக்கென்று அவரே 'இருக்கட்டும்' என்று சொல்லக்கூடும். நாமாக எடுப்பதும் அவர் சொல்லி எடுப்பதும் வேறு வேறு.

வக்கீலாகிச் சில ஆண்டுகளே ஆன காலத்தில், என் பெரியப்பாவின் உயிலுக்கு நானே பொறுப்பாளராக இருந்தேன். தேங்காய் வெட்டுக்கூலி, கிணற்று மோட்டார் ரிப்பேர், வீட்டு வரி எல்லாவற்றையும் தோட்டத்துப் பணத்திலிருந்தே கொடுத்தேன். சொந்தக்காரர்கள்தானே என்று எதையும் எழுதி வைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர் மகள் 3,700 ரூபாய்க்குக் கணக்குக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் என்னோடு பழையபடி பேச நான்கு ஆண்டாயிற்று. அதனால் சொல்கிறேன், ஒரு நீள நோட்டு வாங்கி இன்றைக்கே தொடங்குங்கள், கழிந்த ஐந்து மாதத்தையும் நினைவிலிருந்து எழுதுங்கள். இந்தப் பணத்துக்குத் தனி பாங்க் கணக்கு வையுங்கள். புரோபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் வரவுசெலவும் கோர்ட்டில் கொடுத்தாக வேண்டும். அந்த நோட்டுதான் அப்போது கை கொடுக்கும்.

சபைக்கு எழுதிய ஒரு லட்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதினால் இறப்புக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2003-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கொடைகளைக் கொடுக்க இறந்த நாளிலிருந்து ஓராண்டு உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. கடன்கள் தீரும்வரை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டுக் கடனுக்குப் பணம் பற்றாமல் போனால் உங்கள் கைப்பணத்திலிருந்து போகும்.

மூல உயிலை லேமினேட் செய்யாதீர்கள், துளை போட்டு ஃபைலில் கோக்காதீர்கள். நகல் எடுத்து மூவருக்கும் அம்மாவுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். சாட்சி விஷயத்தைத் தங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். மாமனார் கூப்பிட்ட மரியாதைக்குப் போட்ட கையெழுத்து அது. அதனால் மனைவியின் வீடு ஆட்டம் காண்கிறது என்பதை அவர் கோர்ட் நோட்டீசில் படிக்கக் கூடாது. போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.