பழைய மென்பொருளில் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களை எக்செல்லில் எடுத்துப் புதியதில் போட்டால் போதுமா?

போதாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு வருஷத்து விவரம் ஒரு பழைய புரோகிராமில் இருக்கிறது, புதியதை விற்க வந்தவர் "எக்செல் ஃபைல் மட்டும் கொடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். எங்களிடமும் அதையேதான் சொன்னார்கள். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பல்லடம் பக்கம் போர்வெல் மோட்டார் விற்பனையும் சர்வீஸும் செய்கிற கடையில் பதினேழு வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். படித்தது பி.காம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாராவது வந்து இது தப்பு, அது தப்பு என்று சொல்லலாம்; சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் 6,214 பேரின் விவரத்தை ஒருமுறை தொலைத்து, ஒருமுறை மீட்டவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பழைய புரோகிராம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதியது. பெயர், போன், ஊர், அப்புறம் "குறிப்பு" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில்தான் கடையே இருந்தது. எந்தத் தோட்டத்தில் எத்தனை அடி போர், மோட்டார் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனை ஸ்டேஜ் (பம்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் சுழலும் சக்கரங்களின் கணக்கு), பணம் மஞ்சள் விற்ற பிறகா பால் பணம் வந்த பிறகா, எல்லாம் தமிழில் நானே அடித்து வைத்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த கோடையில் ஊரெல்லாம் மோட்டாரை இன்னும் கீழே இறக்கினார்களே, அந்தச் சமயத்தில் ஒவ்வொருவருக்கும் பழைய ஆழத்தோடு புது ஆழத்தையும் சேர்த்து எழுதினேன்.

2019இல் புது மென்பொருள் வாங்கினோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. அங்கிருந்து வந்த தம்பி விவரத்தை எக்செல்லில் எடுத்தார். திரையில் தமிழ் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. புது மென்பொருளுக்கு சி.எஸ்.வி., அதாவது விவரங்களைக் கமா போட்டுப் பிரித்து வைக்கிற வெறும் எழுத்து ஃபைல், வேண்டும் என்று சாதாரண சி.எஸ்.வி.யாக சேவ் செய்தார். அதைச் சரிபார்க்க மறுபடி எக்செல்லில் திறந்தார். மூடும்போது சேவ் செய்யவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார். மொத்தமே பத்து நிமிஷம்தான்.

முதல் சேவில் தமிழ் போயிற்று. இரண்டாவது சேவில் போன் நம்பர் போயிற்று.

நம்பர் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். சி.எஸ்.வி.யைச் சும்மா இரண்டு கிளிக்கில் திறந்தால், போன் நம்பரையும் கூட்டிக் கழிக்கிற எண் என்றே எக்செல் எடுத்துக்கொள்ளும். 0421, 0422 என்று தொடங்குகிற லேண்ட்லைன்களின் முன்னால் இருந்த பூஜ்யம் உதிர்ந்துவிடும். அதையாவது திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். முன்னால் 91 போட்டு அடித்த செல்போன் நம்பருக்குப் பன்னிரண்டு இலக்கம். அதை 9.19843 ஈ பிளஸ் 11 என்று சுருக்கிக் காட்டும். சி.எஸ்.வி.யில் சேவ் ஆவதும் திரையில் தெரிகிற அந்தச் சுருக்கம்தான். பிறகு விரித்தால் கடைசி ஆறு இலக்கமும் பூஜ்யம். 9843 என்று தொடங்குகிறவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரே நம்பர். புது மென்பொருள் ஒரே நம்பர் உள்ளவர்களை ஒரே ஆள் என்று எண்ணிச் சேர்த்துவிட்டது. 6,214 பேர் போட்டோம், 5,871 பேர்தான் இருந்தார்கள். 343 பேரைக் காணோம் என்று சொன்னது நான்தான். "டூப்ளிகேட் எல்லாம் கிளீன் ஆயிருக்குதுங்க மேடம்" என்றார் அந்தத் தம்பி.

தமிழ் போனது எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. காங்கேயம் பக்கத்தில் இருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "ஏன் அம்மிணி, நம்ம மோட்டாரு எத்தன அடீல நிக்குது? கேபிள் வாங்கோணும், பாத்துச் சொல்லு சாமி." இருங்க ஐயா, பார்த்துச் சொல்றனுங்க என்று அவர் பக்கத்தைத் திறந்தேன். நான்கு கேள்விக்குறி, 700, மூன்று கேள்விக்குறி. எட்டுக் கேள்விக்குறி, 480. ஐந்து கேள்விக்குறி, 560. எண்கள் அப்படியே இருக்கின்றன, வார்த்தை ஒன்றுகூட இல்லை. 700 போர் ஆழம் என்று தெரியும். மோட்டார் 480இலா, 560இலா? முதலில் 560இல் இருந்து ஏற்றினோமா, 480இல் இருந்து இறக்கினோமா? எனக்கு வாய் வரவில்லை. "நீயே தெரியலீன்னா நான் யாரைக் கேக்கறது" என்று அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

நல்ல வேளை, பழைய கணினி குடோனில் இருந்தது. காயலான் கடைக்குப் போட வேண்டும் என்று முதலாளி அண்ணன் இரண்டு முறை சொல்லியும் நான் தள்ளிப் போட்டிருந்தேன். போட்டுப் பார்த்தேன். "போர் 700 அடி. மோட்டார் 480. பிறகு 560." உடனே அவரைக் கூப்பிட்டு, 560 அடிங்க ஐயா, இருபதடிப் பைப் 28 லென்த்துங்க என்றேன்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், இது தெரியாமல் நான் பட்ட பாடு பெரிது. மறுபடி முதலில் இருந்து எடுத்தபோது, தமிழ் எழுத்தையும் அப்படியே வைத்துக்கொள்கிற யூ.டி.எஃப்.-8 முறையில் எடுத்த ஃபைலை எக்செல்லில் திறந்தேன். தலையில் கோடு போட்ட ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறிப் பக்கம் முழுக்க. இதுவும் போச்சு என்று நினைத்துவிட்டேன். காலேஜில் படிக்கும் என் அண்ணன் மகன் பார்த்துவிட்டு, "ஒண்ணும் போகல அத்தை, ஃபைல் நல்லாத்தான் இருக்குது, எக்செல்தான் தப்பாப் படிக்குது" என்றான். அவன் சொன்னது உண்மை. வட்டத்துக்குள் ஆர் தெரிந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். கேள்விக்குறி தெரிந்தால் அந்த ஃபைலில் தமிழ் இல்லவே இல்லை. யாராலும் அதை எடுத்துத் தர முடியாது.

சரியாகத் திறக்க, எக்செல்லை முதலில் காலியாகத் திறந்து, டேட்டா பகுதியில் டெக்ஸ்ட் அல்லது சி.எஸ்.வி.யில் இருந்து எடு என்பதைப் பிடியுங்கள். அங்கே 65001 யூனிகோட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டைப் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம் என்பதையும் தேர்ந்தெடுத்தால் பூஜ்யம் உதிராது, நம்பர் சுருங்காது. சேவ் செய்யும்போது சி.எஸ்.வி. யூ.டி.எஃப்.-8 என்றே தனியாக ஒன்று இருக்கும், அதுதான். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் சாதாரண சி.எஸ்.வி. வேண்டாம்.

பெயர் விஷயம் தனி. புது மென்பொருளுக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். நம் ஊரில் இனிஷியலும் பெயரும்தான். எங்களிடம் 61 பழனிசாமிகள். அவர்களைத் தோட்டத்துப் பெயரை வைத்துத்தான் பிரித்துச் சொல்வோம். கிணத்துத் தோட்டத்துப் பழனிசாமி, சாளைத் தோட்டத்துப் பழனிசாமி என்று. அதனால் கடைசிப் பெயர்க் கட்டத்தில் தோட்டத்துப் பெயரையே போட்டுவிட்டேன். மாவட்டமும் அப்படித்தான். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது உடுமலை கோவையில் இருந்து வந்தது, தாராபுரம் ஈரோட்டில் இருந்து வந்தது. எங்கள் பழைய முகவரிகளில் பழைய மாவட்டம்தான். சர்வீஸ் பையன்களை மாவட்ட வாரியாக அனுப்புகிற மென்பொருளில் இது பெரிய குழப்பம். பின்கோடைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினோம்.

இதற்கு மூன்று வாரம் ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில் தினமும் ஒரு போனாவது வரும், "ஆம்பளைங்க யாராவது இருந்தா குடு அம்மிணி" என்று. மோட்டார் விவரம் பேச ஆம்பளை வேண்டுமாம். கொடுப்பேன். அண்ணன் வாங்கிக் கேட்டுவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார், எத்தனை ஸ்டேஜ் என்று. நான் சொல்ல, அவர் போனில் சொல்வார். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் பதினேழு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

நான் மென்பொருளுக்கு எதிரி இல்லை. இப்போது இருப்பது நல்ல மென்பொருள்தான், சர்வீஸ் பையன் தோட்டத்தில் நின்றுகொண்டே செல்போனில் குறிப்பைப் பார்க்கிறான். செல்போன் காண்டாக்டை மாற்றுவது போல ஒரு நிமிஷ வேலை என்று யாராவது எழுதினால், பெயரும் நம்பரும் மட்டும் என்றால் அவர்கள் சொல்வது சரி. உங்களிடம் குறிப்புக் கட்டம் இருந்தால் சரியில்லை.

முதலில் மொத்தத்தையும் போடாதீர்கள். இருபது பேரைப் பொறுக்குங்கள், அதுவும் சிக்கலான இருபது பேர்: ஒரே கட்டத்தில் கோடு போட்டு இரண்டு நம்பர் உள்ளவர், முகவரியில் கமா நிறைய உள்ளவர், குறிப்பில் பத்து வரி எழுதியிருக்கும் ஆள், லேண்ட்லைன் மட்டும் உள்ளவர். அவர்களைப் போட்டு, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பழைய கஸ்டமர் நம்பருக்குப் புதியதில் கட்டாயம் ஒரு கட்டம் வாங்குங்கள்; சர்வீஸ் பில் எல்லாம் அந்த நம்பரில்தான் கோத்திருக்கும், அது இல்லாவிட்டால் யாருக்கு எந்த மோட்டார் என்றே தெரியாது. முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். ஒரு ஆள் குறைந்தாலும் யார் என்று கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், மீதிப் பணமும் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பழைய கணினியை யாருக்கும் கொடுக்காதீர்கள். எங்களுடையது இன்னும் குடோனில், பைப் அடுக்குக்குப் பக்கத்தில், தூசி படாமல் சாக்குப் போட்டு மூடி இருக்கிறது. மாதம் ஒருமுறை போட்டு, அந்தக் காங்கேயத்துப் பெரியவரின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அணைப்பேன்.