வாசகர் கேள்விகள்: ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஒரு வேதாகமப் பள்ளி

கேள்வி: என் மகனும் மருமகளும் மலாவி நாட்டில் ஒரு கிராமத்து வேதாகமப் பள்ளியைத் தொடங்க உதவிக்குப் போகிறார்கள். சாப்பாடு, காய்ச்சல் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை. அங்கே உண்மையில் என்ன வேலை இருக்கும்? (ஒரு தாய், நாசரேத்)

பதில்: சாப்பாட்டை விடுங்கள் அம்மா. மக்காச்சோள மாவில் கிண்டும் ந்சிமா, தொட்டுக்கொள்ள பீன்ஸோ கீரையோ, ஏரிக்கரைப் பக்கம் என்றால் உசிப்பா என்கிற பொடிமீன் கருவாடு. நம்ம ஊர்க் களி மாதிரிதான், சீக்கிரம் பழகிவிடும். காய்ச்சல்தான் கவலைப்பட வேண்டிய விஷயம். அங்குள்ள மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, இங்கே செய்வதுபோல ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு ரெண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்தால் ஆளையே சாய்த்துவிடும். உடம்பு சுட்ட அன்றே ரத்தப் பரிசோதனை, இரவில் மருந்து தோய்த்த கொசுவலை, டாக்டர் எழுதித் தரும் தடுப்பு மாத்திரை, இந்த மூன்றிலும் அலட்சியம் வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

வேலை என்று கேட்டீர்களே. போய் இறங்கியதும் ரோமர் நிருபம் நடத்தப் போகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் அங்குள்ள சிச்சேவா மொழியைக் கற்றுக்கொள்ளட்டும் (வடக்கே என்றால் தும்புகா). அப்புறம் ஊர்த் தலைவரோடு உட்கார்ந்து நிலம் பேசுவது, தண்ணீருக்கு வழி பார்ப்பது. அங்கே கிராமங்களில் அஃப்ரிடெவ் என்றொரு கைப்பம்பு பரவலாக இருக்கிறது, ஒரே ஒரு ஸ்பேனரை வைத்து ஊர்ப் பெண்களே கழற்றி ரப்பர் சீலை மாற்றிவிடலாம், அதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த மிஷனரிக்கு ஊரில் தனி மரியாதை!

பள்ளிக்கூட நாள்காட்டியை மழைதான் தீர்மானிக்கும். நவம்பரில் மழை பிடித்ததும் மக்காச்சோளம் விதைப்பார்கள். அறுவடை ஏப்ரல், மே மாதங்களில். நடுவில் ஜனவரி, பிப்ரவரியில் போன வருஷத்துத் தானியம் தீர்ந்து பல வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாடுதான். வருகிற மாணவர்களோ பெரும்பாலும் பிள்ளைகுட்டிக்காரர்கள், விவசாயம் செய்துகொண்டே ஐந்தாறு ஜெபவீடுகளைக் கவனிக்கிறவர்கள், அவர்களை விதைப்பு நேரத்தில் வகுப்பில் உட்கார வைத்தால் அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் பட்டினி. அதனால் அறுவடை முடிந்த வறண்ட மாதங்களில் சில வாரங்கள் சேர்ந்தாற்போல் வகுப்பு, பிறகு ஊருக்குப் போய்விட்டு மறுபடி வருவது என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கட்டணத்தைச் சோளமாகவும் வாங்கிக்கொள்ளலாம், சமையலுக்கு ஆயிற்று.

கேள்வி: எங்கள் சபையில் பணம் திரட்டி அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கு கான்கிரீட் கட்டிடமே கட்டித் தரலாம் என்று பேசுகிறோம். சரிதானே? (சபைச் செயலாளர், அம்பத்தூர்)

பதில்: முழுவதையும் நீங்களே கட்டித் தராதீர்கள். கட்டிடம் உங்களுடையதாகிவிடும், கூரையில் ஒரு தகடு பறந்தாலும் கடிதம் அம்பத்தூருக்குத்தான் வரும். அங்கே ஊர்க்காரர்களுக்குச் செங்கல் அறுப்பது கைவந்த கலை. கரையான் புற்று மண்ணையோ ஓடைக்கரைக் களிமண்ணையோ குழைத்து மரச்சட்டத்தில் அறுத்து, வெயிலில் காயவைத்து, அடியில் தீ மூட்டப் பொந்து விட்டு அடுக்கி, வெளிப்பக்கம் சேறு பூசி எரிப்பார்கள். மணலையும் தண்ணீரையும் சபைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். (சூளைக்கு விறகு ஏராளமாகப் போவது உண்மைதான், காடு அழிகிறது. கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்தித் தயாரிக்கும் சுடாத கல் கிடைத்தால் அது மேல்.) ஊரால் முடியாதது சிமென்ட், கதவு ஜன்னல், கூரைத் தகரம். பணத்தை அதற்குக் கொடுங்கள், சுவர் கூரை மட்டத்துக்கு எழும்பிய பிறகு கொடுங்கள். தகரத்துக்கு அடியில் ஏதாவது தடுப்பு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழை பெய்கிற சத்தத்தில் வாத்தியார் தொண்டை கிழியக் கத்தினாலும் முதல் வரிசைக்கே கேட்காது.

கேள்வி: எப்படிப் பார்த்தாலும் ஆப்பிரிக்காவில் இந்தப் பள்ளிகளை உண்டாக்கியது வெள்ளைக்கார மிஷனரிகள்தானே? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: பாதி உண்மை. மலாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1875இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் இலாலா என்ற நீராவிப் படகைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஷிரே ஆற்றின் அருவிகளைச் சுற்றி உள்ளூர் ஆட்கள் தலையில் தூக்கிவர, மேலே மறுபடி பூட்டி மலாவி ஏரிக்குள் விட்டார்கள். ஏரிக்கரையிலுள்ள கேப் மெக்லியரில் லிவிங்ஸ்டோனியா மிஷன் தொடங்கியது. காய்ச்சலில் ஆள் போனதுதான் மிச்சம், முதல் ஞானஸ்நானம் 1881இல்தான். பெற்றவர் ஆல்பர்ட் நமலாம்பே. அதே வருஷம் மிஷன் பண்டாவேக்கு இடம் மாறியது, வெள்ளைக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு கேப் மெக்லியர் பள்ளியை நடத்தியவர் அந்த நமலாம்பேதான்.

இன்னொருவர் வில்லியம் கோயி. தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளியிலிருந்து 1876இல் வந்த கோசா மொழிக்காரர். உள்நாட்டில் வாழ்ந்த ங்கோனி மக்கள் தெற்கிலிருந்து குடியேறியவர்கள், அவர்கள் பேச்சும் கோசாவுக்கு நெருக்கம், ஆகவே ஸ்காட்லாந்துக்காரர்கள் போய்ப் பேச முடியாத இடத்தில் இவரால் பேச முடிந்தது. 1886இல் அங்கேயே இறந்தார். ஏரியைப் பார்த்த கோண்டோவே மேட்டில் 1894இல் மிஷன் தலைவர் ராபர்ட் லாஸ் தொடங்கி, ஓவர்டூன் இன்ஸ்டிட்யூஷன் என்று பெயர் பெற்ற பெரிய பள்ளிக்கு இப்படிப்பட்ட ஆட்கள் போட்டதுதான் அடித்தளம். அங்கே வேதபாடத்தோடு தச்சு, அச்சு, கொத்து வேலை, தந்தி எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே படித்த டேவிட் கவுண்டா 1904 வாக்கில் இன்றைய சாம்பியாவின் சின்சாலிக்குப் போய் ஊழியம் தொடங்கினார். சாம்பியாவின் முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டா அவருடைய மகன்.

ஆனால் எனக்கு லாஸ் மீது ஒரு வருத்தம் உண்டு. மனிதர் மலாவியில் அரை நூற்றாண்டு உழைத்தார், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மிஷன் முதல் ஆப்பிரிக்கப் போதகர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1914இல்! தொடங்கி 39 வருஷம் கழித்து. சார்லஸ் டொமிங்கோ 1900இலேயே இறையியல் படிப்பை முடித்துவிட்டார், காத்திருந்து காத்திருந்து கடைசியில் விலகிப்போய்த் தனியாகச் சபைகள் தொடங்கினார். 1914இல் குருப்பட்டம் பெற்ற மூவரில் ஒருவரான யேசயா ம்வாசேயும் பின்னாளில் வெளியேறித் தனிச் சபை கண்டார். ஆளைத் தயார் செய்துவிட்டுச் சாவியை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தால் வேறென்ன நடக்கும்? இப்போது இங்கிருந்து போகிறவர்களும் முதல் நாளே கேட்க வேண்டியது, தலைமை ஆசிரியர் யார், கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதைத்தான்.

கேள்வி: மிஷனரியின் மனைவி அங்கே என்ன செய்வார்? (வாசகி, திருச்சி)

பதில்: "மனைவி" என்று தனியாக ஏன் பிரிக்கிறீர்கள், அவரும் வாத்தியார்தான். மாணவர்களோடு வரும் மனைவிமாருக்கும் வகுப்பு உண்டு, பல இடங்களில் எழுத்தறிவிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பழைய காலத்து மேரி மொஃபட், இன்றைய தென்னாப்பிரிக்காவின் குருமான் பக்கம் 1820களில் குடித்தனம் நடத்தியவர், தரையைச் சாணம் போட்டு மெழுகுவதைப் பற்றி ஊருக்கு எழுதியிருக்கிறார். முதலில் அருவருப்பு, பிறகு தூசி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி சாகிறது என்று கண்டு, எப்போது சனிக்கிழமை வரும், மெழுகலாம் என்றிருந்ததாம். இந்த விஷயத்தில் நம் பெண்களுக்குப் பாடமே தேவையில்லை.

கேள்வி: அங்கே படித்தால் டிகிரி கிடைக்குமா? (மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: பொதுவாகக் கிடைக்காது, சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். டிகிரிக்கு செமினரி, அதாவது இறையியல் கல்லூரி இருக்கிறது. ஆனால் செமினரிக்கு நகரம் போனவர்களில் எத்தனை பேர் கிராமத்துக்குத் திரும்புகிறார்கள் என்பதையும் பாருங்கள். இந்தச் சிக்கலுக்காகத்தான் 1963இல் குவாத்தமாலாவில் ஒரு செமினரி, மாணவனை வரவழைக்காமல் பாடத்தை அவனிருக்கும் இடத்துக்கே அனுப்பும் முறையைத் தொடங்கியது, அது பிறகு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிவிட்டது.

கேள்வி: மலாவிக்குப் போகும் நண்பருக்கு இங்கிருந்து என்ன கொடுத்து அனுப்பலாம்? (வாசகர், மதுரை)

பதில்: பருப்பும் மசாலாவும் வேண்டாம். லிலோங்வே, பிளான்டயர் நகரங்களில் குஜராத்திகளின் கடைகள் இருக்கின்றன. தலையில் மாட்டும் டார்ச், சோலார் சார்ஜர், புத்தகங்களைக் கரையான் தின்னாமல் வைக்க மூடி இறுகும் டப்பாக்கள், இவை போதும். மிச்ச இடத்தில் ஊறுகாய்.